தையல் தெரிந்தால் மட்டும் போதுமா?

(அறக்கட்டளையின் தையற்பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சான்றிதழ் கொடுக்கும் நாளில் வாழ்த்திப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். வாழ்த்து நிச்சயம் உண்டு. ஆறு மாதம் தவறாமல் வந்து படித்திருக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போன பிறகு என்ன நடக்கும் என்பதையும் பேசியாக வேண்டும். இன்று விட்டால் இத்தனை பேரையும் ஒரே இடத்தில் மறுபடி பிடிக்க முடியாது.

உங்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியும் என்பதை மட்டும்தான் இந்தச் சான்றிதழ் சொல்கிறது. ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்தால் அழகாகத் தைத்துக் காட்டுவீர்கள். பனியன் கம்பெனிக்காரர் அதைக் கேட்கவில்லை. 2000ஆவது பீஸும் முதல் பீஸ் மாதிரியே இருக்குமா என்று கேட்கிறார். அவர் கூலி கொடுப்பது அதற்குத்தான்.

வெளிநாட்டு ஆர்டர் முடிந்து பெட்டியில் அடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று இங்கே பலருக்குத் தெரியாது. வாங்குபவரின் சார்பில் ஒருவர் சோதனைக்கு வருவார். 2000 பீஸையும் அவர் பிரித்துப் பார்க்கமாட்டார். ஏ.க்யூ.எல். என்று ஓர் அட்டவணை இருக்கிறது. 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள ஒரு லாட்டில் வழக்கமான சோதனைக்கு 125 பீஸ் எடுக்கச் சொல்கிறது அந்த அட்டவணை. எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார், நாம் எடுத்துக் கொடுக்க முடியாது. பெரிய குறைகளுக்குப் பல கம்பெனிகள் 2.5 என்ற அளவை வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி 125இல் 7 பீஸ் வரை குறை இருந்தால் லாட் பாஸ். 8 இருந்தால் ஃபெயில். ஃபெயில் ஆவது அந்த எட்டு பீஸ் மட்டும் அல்ல, 2000மும்தான்.

அதன் பிறகு எல்லாப் பெட்டியையும் உடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பிரித்து, தைத்து, அயர்ன் போட்டு, மறுபடி மடிக்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று யூனிட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

சின்ன யூனிட் அளவில் கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்காக நான் போடும் கணக்கு இது, இன்றைய ரேட் என்று யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பீஸுக்குத் தையல் கூலி 20 ரூபாய். 2000 பீஸுக்கு 40,000. தைத்தவர்கள் சம்பளம், வாடகை, கரண்ட், நூல், வண்டி எல்லாம் போக 6,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று வீதம் 200 பீஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருகிறது. தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் தெரியும். பிரித்துத் தைக்கப் பீஸுக்கு 24 ரூபாய் ஆகிறது என்றால் 4,800 போயிற்று. பிரிக்கும்போது துணி கிழிந்த 20 பீஸுக்கு, தலா 150 என்று கம்பெனி பிடித்துக்கொண்டால் 3,000. ஆக 7,800. சம்பாதித்தது 6,000. ஒரு வாரம் இரவு பகலாக உழைத்துவிட்டு, 1,800 ரூபாயைக் கையிலிருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கூலி குறைவு, கம்பெனிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நம் ஆட்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் போட்ட கணக்கைப் பாருங்கள். கூலியை இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டு வாங்கினாலும் 4,000தான் வரும். ஆல்டரேஷனிலேயே 7,800 ஓடுகிறது. எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

செக்கிங் டேபிளில் நான்கு பேரைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. கடைசியில் உட்கார்ந்து பார்ப்பவர் குறையைக் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். குறை ஏற்கனவே தைத்து முடிந்தாயிற்று. மக்தபில் ஓதியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். உஸ்தாத் நேற்றுக் கொடுத்த பாடத்தை இன்று ஒப்புவிக்கச் சொல்வார். ஓர் எழுத்தின் மக்ரஜ் பிசகினால் அங்கேயே நிறுத்துவார். அது சரியாகும்வரை புதுப் பாடம் கிடையாது. வருடம் முழுவதும் பிள்ளையைத் தன் போக்கில் ஓதவிட்டுக் கடைசி நாளில் 125 இடத்தைச் சோதித்துப் பார்க்கும் உஸ்தாதிடம் யாராவது பிள்ளையை அனுப்புவோமா? தையலிலும் அப்படித்தான். ஓவர்லாக் போட்டவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பீஸ் போகும்போதே அது பார்க்கப்பட வேண்டும். நம் கைமடிப் பிள்ளைகள் பீஸை வாங்கி அடுக்குகிறார்கள் அல்லவா, அந்தப் பிள்ளைக்குக் குறை எது என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மூன்றாவது பீஸிலேயே மெஷின் நின்றுவிடும். சொல்லிக் கொடுக்காவிட்டால் 300ஆவது பீஸில்தான் தெரியும்.

குறை எங்கிருந்து வருகிறது? பாதி தையலுக்கு முன்பே வந்துவிடுகிறது. பனியன் துணி மில் துணி மாதிரி அல்ல, இழுபடும். ரோலில் இறுகச் சுற்றி வரும்போது நீண்டிருக்கும். ரோலைப் பிரித்து, துணியைத் தளர்வாக மடித்து ஒரு நாளாவது போட்டு வைத்தால்தான் தன் அளவுக்குத் திரும்பும். நமக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில், அவசர ஆர்டர் என்று துணி வந்த அன்றே விரித்து வெட்டினார்கள். டேபிளில் அளவு மிகச் சரியாக இருந்தது. தைத்து, துவைத்துப் பார்த்தால் நீளத்தில் ஒரு இன்ச்சுக்கு மேல் குறைவு. தைத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் தைத்த கூலியும் வரவில்லை.

ஊசியும் அப்படித்தான். பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி போட வேண்டும். அது நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் ஊசியோ, முனை உடைந்த ஊசியோ நூலை அறுத்துக்கொண்டு இறங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு துவைப்பில் தையல் ஓரமாக வரிசையாக ஓட்டை விழும். ஊசி என்ன விலை? ஒரு டீ விலைக்கு எத்தனை ஊசி என்று பாருங்கள். அதை மாற்றச் சோம்பல்படுகிறோம். ஊசி உடைந்தாலோ, உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி வைத்த பிறகுதான் நல்ல கம்பெனிகளில் புது ஊசி கொடுப்பார்கள். இது என்ன அநியாயம் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அந்தச் சட்டை ஒரு கைக்குழந்தை போடப்போகும் சட்டை என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. குழந்தைத் துணிக்கு இன்னும் பல கட்டுப்பாடுகள் உண்டு. ஐரோப்பாவில் சிறு பிள்ளைகளின் சட்டைக் கழுத்தில் தொங்கும் கயிறு வைக்கக் கூடாது, சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ மாட்டி இறுக்கிவிடும் என்பதற்காக.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது பாதித் தையலில் பீஸை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்கிறோம். அந்த ஒட்டுப் போட்ட இடம்தான் பிறகு பிரிகிறது. இது டீ டயத்துக்கும் பொருந்தும். கையிலிருக்கும் தையலை முடித்துவிட்டு எழுந்திருங்கள், அரை நிமிடம்தான் ஆகும்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி தொடங்கியவர் என்று சொல்லப்படுபவர் குலாம் காதர் என்பவர். 1925 வாக்கில் பேபி நிட்டிங் என்ற பெயரில் ஆரம்பித்தார். அப்போது பனியனுக்குப் பேர்போன ஊர் கல்கத்தா. திருப்பூர் பருத்திச் சந்தை, ஜின்னிங் என்றுதான் இருந்தது. 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார்கள், ஏற்றுமதி பிடித்துக்கொண்டது. சமீப ஆண்டுகளில் அந்த ஒரே ஊரிலிருந்து ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு வெளிநாடு போகிறது. நூல் வந்து இறங்குவது முதல் பெட்டி கட்டுவது வரை நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் சில மைல் தூரத்தில் கிடைப்பதுதான் அந்த ஊரின் பலம்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நொய்யலில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. நம் ஊர்ப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. செலவு பிடித்த வேலை. ஆனால் இன்று வெளிநாட்டுக்காரரிடம் ஆர்டர் பேசும்போது அதையே முதலில் எடுத்துச் சொல்கிறார்கள்.

இனி வங்கதேசத்துக்கு வருவோம். திருப்பூரில் யாரிடம் பேசினாலும் ஆர்டரெல்லாம் அங்கே போகிறது, அங்கே கூலி மலிவு என்று பெருமூச்சு விடுகிறார்கள். கூலி மலிவுதான். ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் அனுப்பும் சலுகையும் அவர்களுக்கு நீண்ட காலமாக இருக்கிறது. ஆனால் கூலி மலிவான நாடுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றனவே, அங்கெல்லாம் ஏன் போகவில்லை?

அங்கேயும் ஒரு காதர் இருந்தார். நூருல் காதர் என்று பெயர். அரசு அதிகாரியாக இருந்தவர். 1970களின் கடைசியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பருத்தியும் அநேகமாக விளையாத நாடு, சட்டை ஏற்றுமதி செய்த பழக்கமும் இல்லை. அவர் மெஷின் வாங்கிப் போட்டதோடு நிற்கவில்லை. தென் கொரியாவின் டேவூ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, 1979இல் சுமார் 130 பேரை புசான் நகரத்துத் தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார். தைப்பதை மட்டும் அவர்கள் கற்றுவரவில்லை. ஒருவர் முடித்ததை அடுத்தவருக்கு எப்படி நகர்த்துவது, எங்கே நின்று சோதிப்பது, சரக்கைக் குறித்த நாளில் எப்படி அனுப்புவது என்று முழுத் தொழிலையும் கற்று வந்தார்கள்.

பிறகு நடந்தது சுவையானது. அந்த 130 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சில ஆண்டுகளுக்குள் தேஷ் கம்பெனியை விட்டு விலகிவிட்டார்கள். சிலர் தாங்களே கம்பெனி தொடங்கினார்கள், மற்றவர்களைப் புதிய கம்பெனிகள் இழுத்துக்கொண்டன. முதலாளிக்கு அது நஷ்டம்தான். நாட்டுக்கோ அந்த 130 பேரும் விதைநெல் ஆனார்கள். இன்று அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி ஆண்டுக்கு 3,500 கோடி டாலருக்கு மேல். எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்ற கோட்டா முறை 2004ஆம் ஆண்டோடு முடிந்தபோது வங்கதேசம் படுத்துவிடும் என்று பேசினார்கள். படுக்கவில்லை.

அதே நாட்டில்தான் ராணா பிளாசாவும் நடந்தது. சாவரில் எட்டு மாடிக் கட்டடம். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன, தையல் ஆட்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், உங்கள் வயதுக்காரர்கள். ஷிப்மென்ட் தேதி தவறக் கூடாது என்ற அவசரம்தான் அவர்களை உள்ளே அனுப்பியது. மலிவு கூலி மலிவு கூலி என்று நாம் பொறாமைப்படும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அதற்குப் பிறகு கட்டடம், தீ பாதுகாப்பு எல்லாம் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளில் முன்னுக்கு வந்துவிட்டன. நம் யூனிட்காரர்கள் மாடிப்படியில் கார்ட்டன் அடுக்கி வைப்பதை இன்றோடு விடுங்கள். பெரிய கம்பெனிக்காரர் யூனிட்டைப் பார்க்க வந்தால் தையலுக்கு முன்னால் வாசலைத்தான் பார்ப்பார். வந்து பார்க்காவிட்டாலும் உள்ளே இருப்பது நம் பிள்ளைகள்தானே.

வேலை நேரமும் தரத்தில் சேர்ந்ததுதான். ஒன்றரை ஷிப்ட் என்று பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், கடைசி மூன்று மணி நேரத்தில் தைத்தது மறுநாள் காலை ஆல்டரேஷனில் உட்கார்ந்திருக்கிறது. ஓவர்டைம் கொடுத்துத் தைத்து, சம்பளம் கொடுத்துப் பிரிக்கிறோம். எந்த மணியில் தைத்த பீஸ் அதிகம் திரும்புகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வைத்துப் பாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

திருப்பூருக்குப் போகாமல் வீட்டிலிருந்து தைக்கப் போகிற சகோதரிகள் இதெல்லாம் பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போய் ரெடிமேட் புர்காவைத்தானே எடுக்கிறார்கள்? தெருவில் நான்கு தையல்காரம்மா இருக்க, சூரத்திலும் மும்பையிலும் தைத்து வருவதை ஏன் எடுக்கிறார்கள்? விலை ஒரு காரணம்தான். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் சீராக இருக்கும், பிசிறு வெட்டியிருக்கும், இரண்டு கையும் ஒரே நீளம், அளவு 54 என்றால் எந்தக் கடையிலும் அநேகமாக 54தான். நாம் தைத்தால் போன வருடம் தைத்ததும் இந்த வருடம் தைத்ததும் ஒரே அளவில் இருப்பதில்லை. கருப்புத் துணி இரண்டு மாதத்தில் சாம்பல் நிறமானால் தைத்தவரைத்தான் திட்டுவார்கள், துணி விற்றவரை அல்ல. ஒரு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆர்டருக்குத் துணி எடுங்கள். பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் பிடிப்பதற்கும் இதே பாடம்தான். 300 சட்டையில் பாக்கெட் ஏறி இறங்கி இருந்தால் அடுத்த ஜூனில் அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதனால்தான் நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆதரவற்ற சகோதரிகளுக்குத் தையல் மெஷின் கொடுப்பது நம் பக்கத்தில் எல்லா ஜமாஅத்துகளிலும் நடக்கிறது. நல்ல காரியம், தொடரட்டும். ஆனால் தனி மெஷினும் தனி ஆளுமாக இருந்தால் ஜாக்கெட், நைட்டியைத் தாண்டிப் பெரிய ஆர்டர் எடுக்க முடியாது. ஓவர்லாக் வேண்டும், ஃபிளாட்லாக் வேண்டும், வெட்டுவதற்கு நீளமான டேபிள் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் செக்கிங் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இவற்றை ஓர் அறையில் பொதுவாக வைத்து, பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் எடுத்துத் தைக்கலாம். பயிற்சி வகுப்பிலும் கடைசி ஆறு வாரத்தை அளவெடுப்பதற்கும் குறை பார்ப்பதற்கும் மட்டும் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

பணத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஜகாத் உரியவரின் கையில் அவருடைய உடைமையாகச் சேர வேண்டியது. மெஷின் வாங்கிக் கொடுத்தால் அவருக்குச் சொந்தமாகிறது, சரி. பொது அறைக்கு வாடகை கொடுக்கவோ செக்கிங் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்கவோ அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஹஜ்ரத் அவர்களிடமும் கேட்டுக்கொண்டேன், அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே இதற்குத் தனி நன்கொடைதான் வழி. ரமளானில் கொடுத்தாயிற்றே என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

பணம் வருவதற்கு முன்பே வேண்டியது ஆள். திருப்பூரில் பத்து வருடம், பதினைந்து வருடம் செக்கிங்கிலும் கட்டிங்கிலும் நின்றவர்கள் நம் மஹல்லாவில் ஒரு கை விரலுக்கு மேல் இருக்கிறார்கள். முட்டி வலி, கண் மங்கல் என்று ஊர் திரும்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களும் உண்டு. தங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்களே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு பீஸைக் கையில் எடுத்தவுடன் குறை எங்கே என்று அவர்கள் கண் நேரே போய் நிற்கும். அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வந்தால் போதும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அத்தாவோ மாமாவோ மாமியோ, பெயரை அறக்கட்டளை அலுவலகத்தில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். அலுவலகம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் திறந்திருக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் நானே வந்து அவர்களைப் பார்க்கிறேன்.